முழு வசனம்

"அங்கேயே நில்லும்!"

வினோஜாவின் வலது கால், அடுப்பு இருந்த குசினியின் வாசலைத் தாண்டி உள்ளே இருந்தது. இடது கால் இன்னும் வெளியே. கையில் கஞ்சி ஒட்டிக் காய்ந்த பேணி. வீட்டில் பேசக்கூடிய வேறு ஆள் கிடையாது. சமையல்கார அக்கா ஒன்பது மணிக்கே உலையை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். கட்டிலில் கிடந்த விமலேஸ்வரி அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, வாய் விழுந்து நான்கு மாதமாகிறது. குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வினோஜா விறைத்து நின்றாள்.

"இஞ்சை மேலை பாரும். கமெரா."

சுவர் மூலையில் முட்டை அளவில் வெள்ளையாக ஒன்று, உத்தரத்தோடு ஒட்டியிருந்தது. அதன் நெற்றியில் சிவப்புப் புள்ளி.

"குசினிக்குள்ள போகத் தேவையில்லை எண்டு சித்தப்பா உமக்குச் சொல்லேல்லையோ?"

"பேணி கழுவ வந்தனான், அக்கா."

"பின்னால பைப் இருக்கு. அதில கழுவி வாசல்ல வையும், சமையல்கார அக்கா எடுத்து வைப்பா. உமக்குத் தண்ணி குடிக்கவும் அங்க ஒரு பேணி வைக்கச் சொன்னனான். குறை நினையாதேயும், என்ன? அம்மா அந்தக் காலத்து ஆள். அவான்ர மனசுக்குப் பிடிக்காததைச் செய்யக்கூடாதுதானே."

மகள் கௌசலாவின் குரலில் கோபமே இல்லை. கனடாவில் அப்போது நள்ளிரவு. வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல்கூட, தாயை ஒருதரம் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று தொலைபேசியைத் திறந்தவளின் களைத்த குரல் அது. வினோஜா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். வேலைக்கு வந்த முதல் நாள் அது.

அந்த வேலையும் இலேசில் கிடைத்ததல்ல. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் படித்துச் சித்தியடைந்து, அரச வர்த்தமானியில் அறிவித்தல் பார்த்துத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள் வினோஜா. நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமாகவும் இருக்கலாம், அடுத்த வருடமாகவும் இருக்கலாம். அதுவரை கை பழகட்டும் என்று நோயாளர் பராமரிப்பில் ஆறு மாதப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கினாள். அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கிளிநொச்சியில் அவள் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை, தனியார் கிளினிக் இல்லை. 'அனுபவம் இருக்கோ?' என்று கேட்டார்கள். எங்காவது வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் மட்டும் எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் விலாசத்தை வாசித்த பெண் நிமிர்ந்து அவளை ஒருதரம் பார்த்தாள். "அறிவிக்கிறம்" என்றாள். அறிவிக்கவில்லை.

வினோஜாவின் விலாசத்தில் இருந்த குடியிருப்பின் பெயரைச் சொன்னால் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய இடம் அது. அவளுடைய அப்பா ராசு அப்போது மூன்று வயதுக் குழந்தை. இன்றைக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். ஐம்பது வருடமாக இந்த மண்ணில் புரண்டும் அவருடைய பேச்சு மாறவில்லை. வினோஜா மாற்றிக்கொண்டாள். ஆறாம் வகுப்பில், "வர்றேன் டீச்சர்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டுப் படலைக்கு வெளியே "வாறன்", படலைக்கு உள்ளே "வர்றேன்".

கடைசியில் வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியசாலை கொஞ்சம் கதவைத் திறந்தது. ஆறு மாதம் எங்காவது நோயாளியைப் பார்த்த அனுபவமும், பொறுப்பான ஒருவர் தரும் கடிதமும் கொண்டுவந்தால் வார்ட்டில் உதவியாளராக எடுப்பதாகச் சொன்னார்கள். விமலேஸ்வரி அம்மாவைப் பார்க்க வந்த பெண் ஒரு கிழமையில் ஓடிவிட்டாள் என்று கேள்விப்பட்டு வினோஜா இந்த வீட்டுப் படியேறியது அதற்காகத்தான். வீட்டுப் பொறுப்பு, அம்மாவின் கணவருடைய தம்பி குகதாசனிடம் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், சமாதான நீதவான். அவருடைய முத்திரை விழுந்த கடிதத்துக்கு எங்கும் மதிப்பிருந்தது.

"அப்பான்ர ஊர் எது?" என்று கேட்டார் அவர்.

அவள் குடியிருப்பின் பெயரைச் சொன்னாள்.

"அதுக்கு முன்னம்?"

"ஹட்டன் பக்கம், ஐயா."

"ம்..." அவர் யோசித்துப் பார்த்தார். அம்மாவைத் தூக்கிப் புரட்ட, மலசலம் எடுக்க, அவர்களுடைய ஆட்களில் ஒருத்தியும் வரமாட்டாள். "சரி. ஆறு மாதம் ஒழுங்காய் நிண்டால் கடிதம் தருவன்" என்றார். அவருடைய தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து, அரசாங்கம் பிரித்துக் கொடுத்த குளத்துக் காணி கிடைத்து இங்கே வந்தேறியவர்தான். இரண்டு குடும்பத்தின் வருகைக்கும் நடுவே இருபது இருபத்தைந்து வருடம் இருக்கும். அந்த இருபத்தைந்து வருடத்தில் ஒருவர் ஊராராகவும் மற்றவர் வந்தேறியாகவும் ஆகிவிட்டிருந்தார்கள்.

காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து மாலை ஐந்து மணி பஸ்ஸில் போவாள் வினோஜா. இரவுக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து படுப்பாள். பகல் முழுவதும் அந்தப் பெரிய வீட்டில் அம்மாவும் அவளும்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பாள். முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவாள். பம்பர்ஸ் மாற்றுவாள். கஞ்சியைத் தடிப்பாகக் கரைத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திப் பிடித்து, தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்துக் கரண்டி கரண்டியாகப் பருக்குவாள். அந்தக் கஞ்சி குசினி வாசலில் ஒரு ஸ்டூலில் அவளுக்காகக் காத்திருக்கும். அவள் கையால் ஊட்டலாம். அவள் கை அடுப்புப் பக்கம் மட்டும் போகக்கூடாது.

கௌசலா நாளும் கமெராவில் வருவாள். "இடது தோளைப் பிடிச்சு இழுக்காதேயும், விலகிப்போகும். இடுப்பில கை குடுத்துப் புரட்டும்" என்று சொல்லிக்கொடுப்பாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. இவ்வளவு எப்படித் தெரியும் என்று வினோஜா ஒருநாள் கேட்டாள்.

"நானும் இதே வேலைதானே செய்யிறன். இஞ்ச ஒரு முதியோர் இல்லத்தில. வெள்ளைக்காரச் சனத்தைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி... பன்னிரண்டு வருசம்."

அன்றைக்கு வினோஜாவுக்கு அவள்மேல் ஒரு பாசம் வந்தது. கௌசலா கடல் கடந்து அனுப்பிய கைக்குப் பூசும் கிறீமும் சொக்கலேட்டும் வந்தபோது அந்தப் பாசம் இன்னும் கூடியது. பின்பக்கத்துப் பைப்படியில் அந்தச் சொக்கலேட்டைத் தின்று, அங்கே வைத்திருந்த பேணியில் தண்ணீர் குடித்தாள்.

அம்மாவின் வாயில் அப்போது ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது. "அது." பசித்தாலும் அது, வலித்தாலும் அது, கோபத்துக்கும் அது. மாதம் ஒருமுறை அரச வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சைக் கிளினிக். அங்கே மஸீனா மிஸ் வினோஜாவைத்தான் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார். "சொல்லு சொல்லு எண்டு கேட்டால் சொல் ஓடிப்போகும் பிள்ளை. எண்ணிக்கை, கிழமை, தேவாரம், இப்பிடிப் பழகின சங்கிலியில கட்டி இழுக்கவேணும். ஓயாமக் கதையுங்கோ. காது கேக்க வேணும்."

வினோஜா ஓயாமல் கதைத்தாள். தலைவாரும்போது ஒன்று இரண்டு எண்ணினாள். ஆறு என்று நிறுத்தி, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பத்தேழாம் நாள், "ஏழு" என்று வந்தது. யாரோ கொல்லைப்பக்கம் நின்று கூப்பிட்டதுபோல மெல்லிய குரல். வினோஜா சீப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

எண்களும் தேவாரமும் தீர்ந்த பிறகு கதைக்க என்ன இருக்கிறது? தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கமெராவுக்குக் கேட்காதபடி, அம்மாவின் காதோடு, தன் வீட்டுப் பேச்சில். "இன்னைக்கு பஸ்ஸே வரலம்மா. பாதி தூரம் நடந்துதான் வந்தேன்" என்பாள். செத்துப்போன தன் அம்மாவைப் பற்றி, பெரியாத்தா லயத்தை விட்டு ஓடிவந்த இரவில் கையில் எடுத்துவந்த ஒரே ஒரு கம்பளியைப் பற்றி, பல் வைத்தியரின் கிளினிக்கில் அந்தப் பெண் பார்த்த பார்வையைப் பற்றியெல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடச் சிநேகிதிகள் ஒருவருக்கும் சொல்லாததை அந்தக் காதுக்குச் சொன்னாள். வீட்டுக்கு வெளியே எங்கும் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசவேண்டியிருந்தது. அங்கே மட்டும்தான் அதை அவிழ்த்துவிட்டாள். விமலேஸ்வரி அம்மா கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். சிலவேளை அவருடைய நல்ல கை வினோஜாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும். உலகத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருப்பதாக வினோஜா நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கௌசலா வீடியோவில் வந்தாள். குகதாசன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அம்மாவிடம் பத்துப் பதினைந்து சொற்கள் சேர்ந்திருந்தன. ஆனால் தனித்தனிச் சொற்கள்.

"அம்மா, அக்காட்ட ஏதும் சொல்லுங்கோ பாப்பம்" என்று தலையணையை உயர்த்தி வைத்தாள் வினோஜா. தன் பிள்ளையை மேடையேற்றுகிறவளைப்போல அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அம்மா தொலைபேசியைப் பார்த்தார். பிறகு வினோஜாவைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம். உதடு கோணியது. நாக்கு மேலண்ணத்தைத் தேடியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒவ்வொரு சொல்லாக, கல் சுமந்து வைப்பதுபோல வைத்தார்.

"அந்தத்... தோட்டக்காட்டாளைக்... குசினிக்குள்ள... விடாதேங்கோ."



அடுத்த கணம் தொலைபேசியில் கௌசலா வெடித்து அழுதாள். "ஐயோ கடவுளே! அம்மா கதைச்சிட்டா! சித்தப்பா, கேட்டனீங்களே? முழு வசனம்! அம்மா முழு வசனம் சொல்லிட்டா!"

குகதாசனின் கண்ணும் நிறைந்துவிட்டது. எழுந்து சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ளை, உன்ர கைராசியடி! டொக்டர்மாரே கைவிட்ட கேசு" என்று வினோஜாவின் தலையில் கைவைத்தார். "உமக்கு நான் என்ன கைமாறு செய்வன்" என்று கௌசலா தேம்பினாள். அவர்கள் ஒருவரும் நடிக்கவில்லை. உண்மையாகவே மகிழ்ந்தார்கள். வந்த சொல் எது என்று பார்க்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் அது, அந்த வீட்டில் அவ்வளவு வழக்கமான சொல்.

வசனம் முடிந்ததும் நோயாளியைப் பாராட்டவேண்டும் என்பது மஸீனா மிஸ் பழக்கியது. வினோஜா அம்மாவின் கடைவாயில் வழிந்ததைத் துவாயால் ஒற்றினாள்.

"நல்லாச் சொன்னனீங்கள், அம்மா" என்றாள்.

அன்று மாலை வீட்டில் ராசு அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, ஒரு மாதிரியா இருக்க?"

"அந்தம்மா பேசிட்டாங்கப்பா. முழுசா."

"அடடே! நல்ல சேதியாச்சே! என்னா பேசுனாங்க?"

மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோளில் அப்பா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கேட்டாங்க" என்றாள் வினோஜா. ராசு சந்தோஷப்பட்டார்.

அதன்பின் வந்த நாட்களில் அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. புரட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள், எண்ணினாள். காதோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்தப் பெரிய வீடு சட்டென்று இன்னும் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. பகலில் பஸ் போகும் சத்தத்தை எண்ணத் தொடங்கினாள். அம்மாவின் நல்ல கை ஒருதரம் அவள் மணிக்கட்டைத் தேடி வந்தது. பம்பர்ஸ் எடுக்கும் சாட்டில் அவள் எழுந்துபோனாள்.

பத்தாம் நாள் கிளினிக். ஓட்டோவில் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வினோஜாவும், முன்னால் குகதாசனும் போனார்கள். கடிதத்தை அடித்துவைத்துவிட்டதாகவும், ஆறு மாதம் முடிய முத்திரை குத்தித் தருவதாகவும் வழியில் அவர் சொன்னார். கிளினிக் அறையில் இன்னும் நாலைந்து நோயாளிகள் தங்கள் ஆட்களோடு சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

"முழு வசனம் சொன்னவா, மிஸ்!" என்றார் குகதாசன், கதிரையில் உட்காரும் முன்பே.

மஸீனா மிஸ் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். "அப்பிடியோ? அல்ஹம்துலில்லாஹ்! என்ன வசனம்? சொன்னபடியே சொல்லுங்கோ, எத்தினை சொல், எது பேர், எது வினை எண்டு நான் பதிய வேணும்."

குகதாசன் வாயைத் திறந்தார்.  வீட்டுக்குள் தேன்போல இறங்கிய சொல், வெளியாள் ஒருத்தியின் முன்னால் ஏறவில்லை. வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார். மேசையில் இருந்த பேனையைப் பார்த்தார்.

"அது... தண்ணி கேட்டவா, மிஸ்" என்றார்.

வினோஜாவுக்குச் சுருக்கென்றது. அது அவளுடைய பொய். அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று அவள் சொன்ன பொய். அதே பொய்யை, அவள் சொன்னது தெரியாமலே, இந்த மனிதர் எடுத்துத் தன்னைப் போர்த்திக்கொள்வதைப் பார்த்தபோது, தான் எதை மூடிவைத்தோம் என்று அவளுக்கு விளங்கியது.

"'எனக்குத் தண்ணி தாங்கோ' எண்டோ? இல்லாட்டி 'தண்ணி' எண்டு மட்டுமோ?" மஸீனா மிஸ் விடவில்லை. வினோஜாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள்தானே பழக்கிறது. நீங்கள் சொல்லுங்கோ."

குகதாசன் அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கடிதம் முழுவதும் இருந்தது. முத்திரை, வவுனியா, வார்ட், எல்லாம்.

"நாலு சொல், மிஸ்" என்றாள் வினோஜா. "'அந்தத் தோட்டக்காட்டாளைக் குசினிக்குள்ள விடாதேங்கோ.'"

பேனை பாதியில் நின்றது. வாங்கில் யாரோ இருமினார்கள். மஸீனா மிஸ்ஸுக்கு அந்தச் சொல் புதிதில்லை. வேறு ஊர்களில் வேறு சொற்களை அவரும் கேட்டு வளர்ந்தவர்தான். இருந்தாலும் கேட்டார்.

"ஆரைச் சொன்னவா?"

"என்னைத்தான், மிஸ். அந்த வீட்டில என்ர பேர் அதுதான்."

மிஸ் தலையைக் குனிந்து, சொல் சொல்லாக எழுதி முடித்தார். பிறகு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, விமலேஸ்வரி அம்மாவின் முகத்துக்கு நேரே பேசினார். "அம்மா, சொல் இல்லாத நேரம் நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப சொல் வந்திட்டுது. இனி எதைச் சொல்லுறது எண்டு நீங்கள்தான் தெரிஞ்செடுக்க வேணும்."

ஓட்டோ திரும்பி வந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் குகதாசன், "சபையில வைச்சு மானத்தை வாங்கிட்டாய்" என்றார்.

"நான் ஒரு சொல்லும் கூட்டேல்லை, ஐயா. குறைக்கவும் இல்லை."

"நாளைக்கு வரத் தேவையில்லை. கடிதமும் இல்லை."

அவர் போய்விட்டார். மணி மூன்றுதான். அவளுடைய நேரம் ஐந்து வரை. வினோஜா அம்மாவைக் கட்டிலில் ஏற்றி, உடுப்பு மாற்றி, மூன்றரைக்குக் கஞ்சி பருக்கினாள். சுவர் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. கனடாவில் இன்னும் விடியவில்லை.

"வினோஜா." கௌசலா கமெராவில் வந்திருந்தாள். "சித்தப்பா இப்பதான் எடுத்தவர். ஏன் அப்பிடிச் சொன்னனீர்? அம்மா படுக்கையில கிடக்கிற வருத்தக்காரி. தெரியாமச் சொன்னது. உம்மை நாங்கள் சொந்தப் பிள்ளை மாதிரித்தானே வைச்சிருந்தம்?"

வினோஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்கள் வேலை செய்யிற இடத்தில தண்ணி எங்க குடிப்பியள்?"

"என்ன?"

"அந்த வெள்ளைக்காரச் சனத்தின்ர குசினிக்குள்ள உங்களை விடுவினமோ?"

 கமெராவில், எங்கோ தூரத்தில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் சிவப்புப் புள்ளி அணைந்தது.

நாலரைக்கு இரவுக்காரப் பெண் வந்தாள். எத்தனை மணிக்குப் புரட்டவேண்டும், எந்தப் பக்கம் புண் வரப்பார்க்கிறது, கஞ்சி எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்று வினோஜா அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். இந்த முறை காதோடு குனியவில்லை. நிமிர்ந்து நின்று, இரவுக்காரிக்கும் கேட்கும்படி தன் வீட்டுப் பேச்சில் சொன்னாள்.

"நான் போயிட்டு வர்றேம்மா. ஒடம்பப் பாத்துக்கங்க."

விமலேஸ்வரி அம்மாவின் கண்கள் அலைந்தன. நல்ல கை படுக்கை விரிப்பைப் பிசைந்தது. உதடு பற்களில் பட்டு நடுங்கியது.

"வி..."

வினோஜா நின்றாள்.

"வி... வி..."

அது அவளுடைய பெயரின் முதல் எழுத்தாக இருக்கலாம். விடாதேங்கோ என்பதன் முதல் எழுத்தாகவும் இருக்கலாம். அந்த முகத்தில் இரண்டுக்குமான சாயல் இருந்தது. இப்படி நோயாளி திணறும்போது பக்கத்தில் இருப்பவர்கள் மனம் பொறுக்காமல் சொல்லை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து மாதமாக வினோஜாவும் எத்தனையோ தடவை அப்படிக் கொடுத்திருக்கிறாள். தண் என்றால் தண்ணி, கௌ என்றால் கௌசலா என்று.

இன்றைக்கு அவள் கொடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்தபடி காத்து நின்றாள். தெருவில் ஐந்து மணி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அது நின்றது, போயிற்று. அதன்பிறகும் அவள் காத்து நின்றாள்.